சிவப்பு விளக்கு எரியாத வண்டி: சுங்கை சிப்புட் நாட்குறிப்பு

வெள்ளிக்கிழமை

கோலாலம்பூரிலிருந்து மின்ரயிலில் ஈப்போவுக்கு வந்து, அங்கிருந்து அக்காள் கணவரின் காரில் வடக்கே சுமார் 30 கிலோமீட்டர் பயணம் செய்து சுங்கை சிப்புட்டை அடைந்தேன். ரப்பரில் பிறந்து செம்பனையில் வாழும் தோட்டங்கள் சூழ்ந்த ஊர் இது. வந்த நோக்கம் ஒன்றே: பெரியப்பாவின் மோட்டோ குட்ஸி 850 டி3 மோட்டார் சைக்கிள் ஏன் வாங்கிப் போடும் பேட்டரிகளையெல்லாம் தீர்த்துக்கட்டுகிறது என்பதைக் கண்டறிய வேண்டும்.

பெரியப்பா தோட்டத்து ஆலைப் பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். 1985ஆம் ஆண்டு, வெள்ளீய (டின்) விலையைத் தாங்கிப் பிடித்துவந்த அனைத்துலக ஈய மன்றம் கடனைத் தீர்க்க இயலாமல் கைவிரித்து ஈய விலை சரிந்தபோது, கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் வாரும் கப்பல் ஒன்றில் வேலை பார்த்த பொறியாளர் ஊரைவிட்டுப் போகும் முன் இந்த வண்டியை விற்றார்; பெரியப்பா வாங்கினார். அன்றிலிருந்து அது இந்த வீட்டு வாசலில்தான் நிற்கிறது.

இத்தாலிய வண்டி என்றால் கண்ணைப் பறிக்கும் சிவப்பு, காதைக் கிழிக்கும் ஓசை, மாதம் ஒரு பழுது என்று நினைப்பவர்களுக்கு இந்த வண்டி ஏமாற்றமாகவே இருக்கும். கோமோ ஏரிக்கரையில் உள்ள மண்டெல்லோ டெல் லாரியோவில் 1921 முதல் இயங்கிவரும் நிறுவனம் 1975இல் வெளியிட்ட இந்த 844 சிசி வண்டியில், இரண்டு சிலிண்டர்களும் வலமும் இடமுமாகக் காற்றில் நீட்டிக்கொண்டிருக்கின்றன. சங்கிலிக்குப் பதிலாகத் தண்டின் வழியே பின்சக்கரம் சுழல்கிறது. லீனோ டோன்டி வடிவமைத்த சட்டகத்தின் அடிக்குழாய்களைக் கழற்றினால் இஞ்சினை அலட்டிக்கொள்ளாமல் வெளியே எடுத்துவிடலாம். இதற்கு முந்தைய வி7 வகையை லாஸ் ஏஞ்சலிஸ் காவல்துறையே வாங்கி ஓட்டியது. திறந்து பார்ப்பதற்கென்றே செய்யப்பட்ட இயந்திரம் இது என்பது என் எண்ணம். ஆனால் திறப்பதற்கு முன் அளக்க வேண்டும். இதுவரை இதைத் தொட்டவர்களில் யாரும் அளந்ததாகத் தெரியவில்லை. பேட்டரியை மாற்றினார்கள், மின்னேற்றத்தின் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரை மாற்றினார்கள், பிறகு "இத்தாலிக்காரன் வயரிங்கே இப்படித்தான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

மாலை மழை விட்டதும் முதல் அளவை எடுத்தேன். ஓய்விலிருந்த பேட்டரி 12.6 வோல்ட் காட்டியது. வண்டியைக் கிளப்பி, முகப்பு விளக்கை எரியவிட்டு, இஞ்சினை நிமிடத்துக்கு 3000 சுற்று வரை உயர்த்தியபோது 12.1. மின்னேற்றம் நடக்கும் வண்டியில் அந்த எண் 13.8க்குக் குறையக் கூடாது. ஆக, பேட்டரியின் மீது பழியில்லை. அதற்கு வரவே இல்லாமல் செலவு மட்டும் நடந்திருக்கிறது.

சனிக்கிழமை

பசியாறிவிட்டு வந்து சாவியைத் திருப்பியபோதுதான் கவனித்தேன்: பச்சை விளக்கு எரிந்தது, எண்ணெய் அழுத்த விளக்கு எரிந்தது, மின்னேற்றத்துக்கான சிவப்பு விளக்கு எரியவில்லை. கேட்டதற்குப் பெரியப்பா, "அந்த பல்பு போய் ரொம்ப நாளாச்சு தம்பி, அது சும்மா எச்சரிக்கைக்குத்தானே" என்றார்.

இந்த வண்டியைப் பொறுத்தவரை அது எச்சரிக்கைக்கு மட்டும் இல்லை. இதன் ஆல்டர்நேட்டரில், அதாவது மின்சாரம் உண்டாக்கும் கருவியில், நிலையான காந்தம் கிடையாது. இஞ்சின் தண்டின் முன்முனையில் சுழலும் ரோட்டர் ஒரு மின்காந்தம். அதன் சுருளில் மின்சாரம் பாய்ந்தால்தான் காந்தம் உண்டாகும், காந்தம் உண்டானால்தான் சுற்றியுள்ள, சுழலாத ஸ்டேட்டர் சுருளில் மின்சாரம் பிறக்கும். முதல் மின்சாரம் எங்கிருந்து வரும்? பேட்டரியிலிருந்து சாவி வழியாக, இந்தச் சிவப்பு விளக்கின் இழை வழியாக, ரெகுலேட்டரையும், சுழலும் ரோட்டரை உரசி மின்சாரம் கடத்தும் பிரஷ்களையும் கடந்து ரோட்டருக்கு வருகிறது. ஆல்டர்நேட்டர் விழித்துக்கொண்டதும் தன் சுருளுக்குத் தானே மின்சாரம் கொடுத்துக்கொள்கிறது. அப்போது விளக்கின் இரு பக்கமும் வோல்டேஜ் சமமாகி விளக்கு அணைகிறது. எனவே இந்த பல்பு எரிந்துபோனால் முழு ஏற்பாடும் உறங்கிக் கிடக்கும். இரும்பில் மிச்சமிருக்கும் சிறிதளவு காந்தத்தன்மையின் தயவில், இஞ்சினை மிக வேகமாகச் சுழற்றினால் மட்டும் ஒருவேளை விழிக்கும்.

ஊருக்குள் சென்று இழை உள்ள 12 வோல்ட் 3 வாட் பல்பு கேட்டால், கடைக்காரர் எல்இடி பல்பை எடுத்து நீட்டினார். அதன் வழியே ரோட்டரை எழுப்பும் அளவுக்கு மின்சாரம் போகாது. பழைய லாரி உதிரிபாகங்கள் விற்கும் இன்னொரு கடையில்தான் இழை பல்பு கிடைத்தது. மாட்டியதும் விளக்கு எரிந்தது, இஞ்சினைக் கிளப்பி 1800 சுற்றைத் தாண்டியதும் அணைந்தது, மீட்டர் 13.9 காட்டியது. பெரியம்மா காப்பி கொண்டுவந்தார். வேலை முடிந்துவிட்டது என்று பெரியப்பா கருவிகளைத் துடைக்கத் தொடங்கினார்.

நான் மீட்டரைக் கழற்றாமல் இஞ்சினை ஓடவிட்டேன். கால் மணி நேரம் கழித்து, சிலிண்டர் துடுப்புகளில் கை வைக்க முடியாத சூடு ஏறியபோது, எண் 13.9இலிருந்து ஒரே தாவலாக 12.2க்கு விழுந்தது. சிவப்பு விளக்கோ அணைந்தே இருந்தது. இந்தப் பழுதின் கள்ளத்தனமே இதுதான். ஓட்டுபவருக்கு எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். ஆனால் இஞ்சினை நிறுத்திவிட்டுச் சாவியை மட்டும் திருப்பினால் விளக்கு எரியவில்லை, அதாவது விளக்குக்கு அப்பால் பாதை அறுந்திருக்கிறது. மதியச் சோற்றுக்குப் பிறகு, இஞ்சின் ஆறியிருந்த வேளையில் அதே சாவியைத் திருப்பினால் விளக்கு ஒழுங்காக எரிந்தது. பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போகும் நேரத்தில் வண்டி ஆறிவிடும்; அங்கே போய்ச் சோதித்தால் பழுது தெரியாது. ஒருவர் கண்டது இன்னொருவர் கண்ணில் படாமல் போனதற்குக் காரணம் இப்போது விளங்கியது.

அறுந்திருப்பது ரெகுலேட்டரிலா, ரோட்டரிலா என்பதைப் பிரித்தறிய எளிய வழி உண்டு. வண்டியை மீண்டும் சூடாக்கிப் பழுதை வரவழைத்து, ரெகுலேட்டரின் செருகியைக் கழற்றி, அதிலுள்ள டி பிளஸ் (ஆல்டர்நேட்டரிலிருந்து வருவது), டிஎஃப் (ரோட்டருக்குப் போவது) முனைகள் இரண்டையும் ஒரு கம்பித் துண்டால் இணைத்து, இஞ்சினை 2000 சுற்றுக்கு உயர்த்த வேண்டும். வோல்டேஜ் எகிறினால் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது; அசையாவிட்டால் ஆல்டர்நேட்டர் பக்கம் பார்க்க வேண்டும். இதைச் சில நொடிகளுக்கு மேல் செய்யக் கூடாது, ஏனெனில் கட்டுப்படுத்த ஆளில்லாத ஆல்டர்நேட்டர் பல்புகளையெல்லாம் கருக்கிவிடும். எண் அசையவில்லை. முன்மூடியைக் கழற்றி, பிரஷ்கள் உரசும் வளையங்களான ரோட்டரின் இரண்டு ஸ்லிப் ரிங்குகளுக்கிடையே மீட்டரை வைத்தேன்: முடிவில்லாத மின்தடை. இரவு ஆறிய பிறகு அளந்தபோது 3.5 ஓம். சுருளுக்குள் எங்கோ ஒரு கம்பி அறுந்து, குளிரில் முனைகள் தொட்டுக்கொண்டும் சூட்டில் செம்பு விரியும்போது விலகியும் நிற்கிறது. இத்தனை ஆண்டு வெப்பத்திலும் சுழற்சியிலும் கிடந்த சுருளுக்கு இது இயல்பான முடிவுதான்; அதே காலத்து பிஎம்டபிள்யூ வண்டிகளை வைத்திருப்பவர்களுக்கும் இந்தக் கதை நன்றாகவே தெரியும்.

மாற்றப்பட்ட பழைய ரெகுலேட்டரைப் பெரியப்பா பிஸ்கட் டின்னில் பத்திரமாக வைத்திருக்கிறார். எதையும் தூக்கி எறியாத பட்டறைப் பழக்கம்.

ஞாயிற்றுக்கிழமை

சுருள் சுற்றும் கடைகள் இன்று திறந்திருக்காது. ஆனால் ரோட்டரைக் கழற்றி வைக்கலாம். அது கூம்பு வடிவத் தண்டில் இறுகப் பிடித்திருக்கும். நடுத்திருகைக் கழற்றினால் மட்டும் வராது, நெம்பினால் உடையும். நடுத்துளைக்குள் சரியான நீளத்தில் ஒரு கடினமான எஃகுத் தண்டைப் போட்டு, திருகை மீண்டும் முறுக்கினால், திருகு தண்டைத் தள்ள, தண்டு இஞ்சின் முனையைத் தள்ள, ரோட்டர் கூம்பிலிருந்து விடுபடும். தண்டு குட்டையாக இருந்தால் திருகு அடிதட்டி நிற்கும். நீளமாக இருந்தால் திருகு பிடிக்கப் போதிய மரை கிடைக்காது. பெரியப்பா துளையின் ஆழத்தை ஈர்க்குச்சியால் அளந்து, பழைய டிரில் பிட் ஒன்றின் அடித்தண்டை அறுத்து, முனைகளைத் தேய்த்து மழுக்கிக் கொடுத்தார். முறுக்க முறுக்க இறுகிக்கொண்டே போன திருகு, "டக்" என்ற ஓசையுடன் தளர்ந்தது. அவர் முகத்தில் தெரிந்த நிறைவை எந்தக் கடையிலும் வாங்கிவிட முடியாது.

மிச்ச நேரத்தில் மின்னிழப்பை அளந்தேன். முகப்பு விளக்கு எரியும்போது மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நேர்முனையிலும் மறுமுனையை விளக்கின் செருகியிலும் வைத்தால், வழியில் எவ்வளவு வோல்ட் காணாமல் போகிறது என்பது தெரியும். 1.1 வோல்ட் போய்க்கொண்டிருந்தது. பியூஸ் பெட்டியைத் திறந்தால் காரணம் பச்சையாகவே தெரிந்தது. அந்தக் காலத்து ஐரோப்பிய பியூஸ்கள் இருமுனையும் கூம்பிய சிறு உருளைகள். வெறும் தகட்டுக் கொக்கிகளுக்கிடையே அழுத்தத்தால் மட்டும் நிற்கின்றன. பேரா மாநிலத்து ஈரக்காற்றில் அந்தத் தொடுமுனைகள் களிம்பேறிப் போயிருந்தன. உப்புத்தாளால் தேய்த்து, கொக்கிகளை இறுக்கி, சட்டகத்தோடு சேரும் எர்த் இணைப்பையும் பளபளப்பாக்கியதும் இழப்பு 0.2க்கு இறங்கியது. இத்தாலிய வயரிங் என்று பழிக்கப்படுவதில் பெரும்பகுதி, நம் ஊர் ஈரத்தில் துடைக்கப்படாமல் கிடந்த செம்பும் பித்தளையும்தான்.

திங்கட்கிழமை

ஈப்போ. சந்துக்குள் இருக்கும் சுருள் சுற்றும் கடைக்குப் பெரியப்பாவே அழைத்துச் சென்றார். ஈயச் சுரங்கங்களின் பம்பு மோட்டார்களைச் சுற்றிப் பழகிய சீனப் பெரியவரின் கடை. இப்போது அவருடைய மகனும் ஆலை மோட்டார்களுக்குச் சுற்றுகிறார். ரோட்டரை வாங்கிப் பார்த்த பெரியவர், வெப்பக்காற்றுக் குழலால் அதைச் சூடாக்கி, மீட்டர் முள் விழுவதைத் தாமே பார்த்த பிறகுதான் பேசினார். மலாய் மொழியில் நடந்த உரையாடலின் சாரம்: கம்பியின் தடிமனைப் பழைய சுருளில் அளந்து அதே தடிமனில் சுற்ற வேண்டும், சுற்றிய பின் வார்னிஷில் ஊறவைத்து அடுப்பில் காய்ச்ச வேண்டும், வியாழக்கிழமைக்கு முன் கேட்காதீர்கள். அவசரப்படுத்தாத கடைக்காரர்மேல் எனக்கு நம்பிக்கை அதிகம்.

செவ்வாய்க்கிழமை

காத்திருக்கும் நாளில் டேப்பெட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் நெம்புகோலுக்கும் நடுவே விடும் சிறு இடைவெளி. இஞ்சினுக்கும் கியர்ப்பெட்டிக்கும் இடையிலுள்ள உறையில் ரப்பர் மூடியை எடுத்தால், ஃபிளைவீலில் வலது சிலிண்டருக்கு டி என்றும் இடதுக்கு எஸ் என்றும் பொறித்திருப்பது தெரியும். உரிய குறியை நேர்க்கோட்டில் நிறுத்தி, அந்தப் பக்கத்து வால்வுகள் இரண்டும் மூடியிருப்பதை உறுதி செய்துகொண்டு அளக்க வேண்டும். குளிர்ந்த இஞ்சினில் இரு வால்வுக்கும் 0.22 மில்லிமீட்டர். சிலிண்டர்கள் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் தொட்டியைக்கூடக் கழற்ற வேண்டியதில்லை. முக்காலியில் உட்கார்ந்தபடியே செய்து முடித்தோம். வலப்புறப் புகைபோக்கி வால்வு மட்டும் இறுகியிருந்தது. சத்தம் போடும் டேப்பெட்டைவிட, சத்தமில்லாமல் இறுகிய டேப்பெட்தான் ஆபத்தானது. வால்வு முழுதாக மூடாமல் எரிந்துபோகும்.

கார்புரேட்டர்கள் இரண்டும் டெல்லோர்ட்டோ விஎச்பி 30. மாதக்கணக்கில் நின்ற வண்டி என்பதால் மெதுவோட்ட ஜெட்டுகளில் பெட்ரோல் பிசினாகப் படிந்திருந்தது. அவற்றைக் கம்பியால் குத்தக் கூடாது; துளை பெரிதாகிவிடும். கரைப்பானில் ஊறவைத்து ஊதினால் போதும்.

பின்சக்கரப் பற்சக்கரப் பெட்டியின் எண்ணெயையும் மாற்றினோம். அது கால் லிட்டர்தான் கொள்ளும்: 230 மில்லி கியர் எண்ணெய், 20 மில்லி மாலிப்டினம் கலவை. அந்த 20 மில்லியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

புதன்கிழமை

நாள் முழுதும் மழை. கொட்டகைக்குள் இருந்தபடியே இஞ்சின் எண்ணெயை வடித்தோம். இந்த வகையில் எண்ணெய் வடிகட்டி வெளியே இல்லை. அடித்தொட்டியின் உள்ளே இருக்கிறது. அதனால் எண்ணெய் மாற்றும் பலர் வடிகட்டியை மறந்துவிடுவார்கள். அடித்தொட்டியின் திருகுகளையெல்லாம் கழற்றி, வடிகட்டியை எடுத்து, அறுத்து, தாளை மடிப்பு மடிப்பாக விரித்தோம்.

பார்க்க விரும்பியது ஒன்றே. ஆரம்ப கால டி3 வண்டிகளின் அலுமினிய சிலிண்டர்களின் உட்சுவரில் குரோம் பூச்சு இருக்கும். அது வயதானபோது செதில் செதிலாக உதிரக்கூடும். உதிர்ந்த செதில் எண்ணெயோடு சேர்ந்து பேரிங்குகளுக்குப் போனால் இஞ்சினுக்கே முடிவு. பின்னாளில் நிறுவனமே குரோமைக் கைவிட்டு நிக்கல் சிலிக்கன் கார்பைடு பூச்சுக்கு மாறியது. வடிகட்டித் தாளில் சில மினுமினுப்புகள் இருந்தன. பெரியப்பா தம் வழக்கப்படி காந்தத்தைக் கொண்டுவந்தார், எதுவும் ஒட்டவில்லை. இரும்பு இல்லை என்பதில் அவர் நிம்மதி அடைந்தார். எனக்கு அதுவே கவலை: குரோமும் காந்தத்தில் ஒட்டாது. ஒட்டாத மினுமினுப்பு அலுமினியமாக இருந்தால் மென்மையாக நசுங்கும், குரோமாக இருந்தால் கூர்மையாகக் கீறும். கத்தி முனையால் கண்ணாடித் துண்டின்மேல் வைத்து அழுத்தியதில் பெரும்பாலானவை நசுங்கின. ஒன்றிரண்டு கீறின.

பிளக் துளை வழியே சிறு கேமராவை விட்டுப் பார்த்தோம். இடது சிலிண்டர் சுத்தம். வலது சிலிண்டரின் அடிவிளிம்பருகே நகக்கண் அளவு ஒரு மங்கல்.

வியாழக்கிழமை

மதியத்துக்குள் ரோட்டர் வந்து சேர்ந்தது. குளிர்ந்த நிலையில் 3.4 ஓம், சுருளுக்கும் தண்டுக்கும் இடையே கசிவு இல்லை. பிரஷ்களைப் புதிதாக்கி, கூம்பைத் துடைத்து மாட்டினோம். பழைய ரெகுலேட்டரையே பிஸ்கட் டின்னிலிருந்து எடுத்துப் பொருத்த வேண்டும் என்று பெரியப்பா பிடிவாதமாக இருந்தார். சோதனைக்காக நானும் ஒப்புக்கொண்டேன்.

சாவியைத் திருப்பினால் சிவப்பு விளக்கு எரிந்தது. இஞ்சின் ஓட அணைந்தது. 14.0 வோல்ட். சாலை வரி காலாவதியாகிவிட்டதால் பொதுச் சாலைக்குப் போகாமல், தோட்ட நிர்வாகத்திடம் சொல்லிவிட்டு, செம்பனைகளுக்கிடையே உள்ள செம்மண் பாதையில் ஓட்டினோம். நின்ற இடத்தில் முறுக்கியபோது வண்டி வலப்பக்கம் சாய்ந்து குலுங்கியது. தண்டு நீளவாக்கில் சுழலும் இஞ்சினின் இயல்பு அது. குலை ஏற்றிய லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி அரை மணி நேரம் ஓட்டி, நன்றாகச் சூடேறிய பிறகு நிறுத்தி அளந்தபோதும் 14.0தான். ரோட்டரின் மின்தடை 3.9 ஓமுக்கு ஏறியிருந்தது. செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் ஏறத்தாழ 0.4 சதவீதம் உயரும் என்பதால் இந்த ஏற்றம் முறையானது.

பிரேக் பற்றி ஒரு கவலை எழுந்தது. இந்த வண்டியில் கால்மிதியை அழுத்தினால் பின்சக்கரத்தின் பிரேக் தட்டும் முன்சக்கரத்தின் இடது தட்டும் சேர்ந்து பிடிக்கும். கைப்பிடி முன்சக்கரத்தின் வலது தட்டை மட்டும் பிடிக்கும். மிதியை விட்ட பிறகும் முன்சக்கரத்தின் இடது தட்டு சற்று உரசிக்கொண்டே வந்தது. வயதான ரப்பர் குழாய் உள்ளே வீங்கித் திரவத்தைத் திரும்ப விடாமல் மறித்திருக்கலாம். குழாய்கள் அனைத்தையும் மாற்றுவதாக முடிவு. அதுவரை தோட்டப் பாதையோடு சரி.

வெள்ளிக்கிழமை

புறப்படும் முன் சிலிண்டர்களைப் பற்றிப் பேசினோம். மண்டெல்லோவிலேயே இயங்கும் கிலார்டோனி நிறுவனம் புதிய பூச்சுள்ள சிலிண்டர்களையும் பிஸ்டன்களையும் சேர்த்தே தயாரிக்கிறது. இரண்டு பக்கமும் ஒருசேர மாற்றுவதுதான் முறை. செலவைக் கேட்டதும் பெரியம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். உடனே வாங்க வேண்டும் என்பது என் கருத்து. இன்னும் 1000 கிலோமீட்டர் ஓட்டி, புதிய வடிகட்டியை அறுத்துப் பார்த்த பிறகே முடிவு என்பது பெரியப்பாவின் கருத்து. ஓட்டுபவர் அவர். 1000 கிலோமீட்டரை 500 ஆகக் குறைக்க மட்டும் சம்மதித்தார். பிரேக் குழாய்களின் நீளத்தை நூலால் அளந்து எடுத்துக்கொண்டேன். கோலாலம்பூரில் செய்யக் கொடுத்துவிட்டு, அடுத்த விடுமுறைக்கு அவற்றோடு வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.